யாரோ போட்ட சுவிட்சில் ஓடிய எங்கள் கிணற்று மோட்டார்

2022 மே மாதம். ராத்திரி ரெண்டு மணிக்கு இலவம்பாடியிலிருந்து மாமா போன் பண்ணினார். "இன்னாடா மாப்ள, மோட்டார் நீ போட்டியா?" நான் சத்துவாச்சாரி வீட்டில் ஃபேனுக்கு அடியில் புரண்டுகொண்டிருந்தேன், வேலூரில் மே மாத ஃபேன் அனலைத்தான் அள்ளி வீசும், அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. நான் போடலையே மாமா என்றேன். "நானும் போடல. ஆனா அது ஓடிக்கினு கீது."

மோட்டாரைப் போனிலிருந்தே இயக்க ஒரு ரிமோட் பெட்டி மாட்டியிருந்தது, உடனே போனில் ஆஃப் அழுத்தினேன். நின்றுவிட்டதாகக் காட்டியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆன் என்று அதுவாகவே மாறியது. மாமா செருப்புகூடப் போடாமல் ரெண்டு கொல்லை (வயல்) தாண்டி ஓடி மெயினை இறக்கினார். ஆனால் அதற்குள் காரியம் முடிந்திருந்தது. கோடையில் அந்தக் கிணற்றில் இருந்ததே நாலடித் தண்ணீர், அதை மொத்தமாக இறைத்துத் தீர்த்துவிட்டு, 5 எச்பி ஓப்பன்வெல் மோட்டார் வெறும் காற்றில் சுற்றியிருக்கிறது. அந்த மாதிரி மோட்டாருக்குச் சுற்றி நிற்கும் தண்ணீர்தான் குளிர்ச்சி. "தண்ணி விழுற சத்தத்துல முழிக்கலடா, அந்தச் சத்தம் நின்னுச்சு பாரு, அதுலதான் முழிச்சேன்" என்று மாமா பிற்பாடு சொன்னார்.

அணைக்கட்டு பக்கம் ரீவைண்டிங் கடையில் மூடியைக் கழற்றியதும் எரிந்த வார்னிஷ் வாசனை. செம்புக் கம்பி, புஷ், சீல், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் என் கையை விட்டுப் போனது. மாமா கேட்கவில்லை, நானே கொடுத்தேன். ஏனென்றால் அந்த ரிமோட் பெட்டியைச் செய்து மாட்டியவன் நான்.

இந்தப் பதிவு அந்தப் பெட்டியைப் பற்றியது. அதன் பிறகு செய்த பெட்டிகளைப் பற்றியதும்தான். வயரிங் படம், கோடு (நிரல்) எல்லாம் போடப்போவதில்லை, எங்கே தப்பு பண்ணினேன், எதை எந்த வரிசையில் யோசித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் பெட்டி ஒரு வார இறுதி வேலை. ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கணினிச் சிப்பு), ரெண்டு ரிலே (சின்ன மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்), ஒரு 4ஜி டாங்கிள் (சிம் போட்ட இணைய மோடம்). ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனுக்குப் பேரலலாக ஒரு ரிலே, சிவப்பு பட்டனுக்கு சீரிஸாக இன்னொன்று. போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு எம்க்யூடிடி (கருவிகளுக்கு நடுவே செய்தி அனுப்பும் முறை) ஆப், நடுவில் எல்லோரும் பரீட்சைக்குப் பயன்படுத்தும் ஒரு இலவசப் பொது புரோக்கர் (செய்தியை வாங்கிக் கொடுக்கும் சர்வர்). டாபிக் (செய்தி போகும் முகவரி) பெயர் 'மோட்டார்/1'. 'ஆன்' என்று செய்தி போனால் ஓடும், 'ஆஃப்' என்றால் நிற்கும். சனிக்கிழமை தொடங்கி ஞாயிறு மதியம் முடித்துவிட்டேன், மாமா திண்ணையில் உட்கார்ந்தபடி போனை அழுத்த, தூரத்தில் தொட்டியில் தண்ணீர் கொட்டியது. அத்தை கை தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எரிந்த மறுநாள் என் லேப்டாப்பிலிருந்து அந்தப் பொது புரோக்கரில் எல்லா டாபிக்கையும் கேட்கும் குறியைப் போட்டேன். ஒரே ஒரு ஹாஷ் குறி. திரையில் அருவி மாதிரி கொட்டியது. யார் வீட்டு வெப்பநிலையோ, யார் கராஜ் கதவோ, யாருடைய மீன்தொட்டி விளக்கோ. அதற்கு நடுவே என்னுடைய 'மோட்டார்/1', அதில் நானும் மாமாவும் அனுப்பாத 'ஆன்', 'ஆஃப்'. உலகத்தின் ஏதோ மூலையில் இன்னொருத்தரும் என்னை மாதிரியே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, என்னை மாதிரியே முதலில் தோன்றிய பெயரை வைத்திருக்கிறார். அவர் அவருடைய மோட்டாரைப் போட்டார், எங்கள் மோட்டாரும் சேர்ந்து ஓடியது. நாங்கள் ஆஃப் பண்ணியபோது அவருடையது நின்றிருக்கும், பாவம், அவர்தான் திரும்பப் போட்டிருக்கிறார். இதில் ஹேக்கர் என்று யாரும் கிடையாது. பொது வழியில் பெயர் எழுதாத சாவியைத் தொங்கவிட்டு வந்தவன் நான்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் எல்லோரும் செய்வது. ஒட்டுப் போட்டேன். மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து மஸ்கிட்டோ என்ற புரோக்கரைச் சொந்தமாக நிறுவினேன் (கொசுவை வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்த முதல் வேலூர்க்காரன் நான்தான்). யூசர்நேம், பாஸ்வேர்டு வைத்தேன். டாபிக் பெயரை நீளமாக்கினேன். இது நன்றாக ஓடவே, லத்தேரியில் நண்பன் கொல்லைக்கு ஒன்று, ஒடுகத்தூர் பக்கம் ஒரு பெரியவர் கேட்டு அவருக்கு ஒன்று. மூன்று பெட்டிக்கும் ஒரே கோடு, ஒரே பாஸ்வேர்டு.

லத்தேரி பெட்டி இடியில் போய்விட்டது. மாற்று போர்டு போட்டுவிட்டுப் பழையதை மேசையில் வைத்திருந்தபோது, சிப்பு உயிரோடு இருக்கிறதா பார்க்கலாமே என்று யூஎஸ்பியில் செருகினேன். உயிரோடுதான் இருந்தது. சிப்பின் சேமிப்பான ஃபிளாஷில் இருப்பதை முழுசாக இறக்க ஒரு கட்டளை, இறக்கிய ஃபைலில் படிக்கக்கூடிய எழுத்துகளை மட்டும் வடிகட்ட இன்னொரு கட்டளை. ரெண்டும் சேர்ந்து ரெண்டு மூணு நிமிஷம். டாங்கிளின் வைஃபை பாஸ்வேர்டு, என் சர்வர் முகவரி, மூன்று பெட்டிக்கும் பொதுவான அந்த பாஸ்வேர்டு, எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பல்லை இளித்தன. அந்த போர்டை நான் குப்பையில் போட்டிருந்தால்? ரிப்பேர் கடையில் கொடுத்திருந்தால்?

சரி, பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால், அது கோடுக்குள்ளே இருக்கிறது. தூரத்திலிருந்து அப்டேட் அனுப்ப நான் வழி வைக்கவில்லை. ஆக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இலவம்பாடி, அங்கிருந்து ஒடுகத்தூர், மறுநாள் லத்தேரி என்று ஸ்பிளெண்டரில் அலைய வேண்டும். பூசி வெள்ளையடித்த சுவரில் கான்சீல்டு வயரிங்குக்குக் காடி வெட்டின கதைதான். கொத்தனார் இருக்கும்போதே பைப்பைப் பதித்திருந்தால் அரை நாள் வேலை, இப்போது சுவரும் போச்சு, பெயின்டும் போச்சு, கூலியும் ரெட்டிப்பு.

அந்த அலைச்சலில் இலவம்பாடிக்குப் போன அன்றைக்குத்தான் மாமா ஒரு வார்த்தை சொன்னார். கோபமாகக்கூட இல்லை. "நீ பொட்டி மாட்டறதுக்கு முன்னாடி ராத்திரியில பீஸ் கேரியரைக் கழட்டியாந்துடுவேன். நீதான் வேணாம்னு சொன்ன."

ஆமாம், நான்தான் சொன்னேன். எங்கள் பக்கம் பம்ப்செட் வைத்திருக்கிற பழைய ஆட்கள் செய்கிற காரியம் அது: சாயங்காலம் ஃபியூஸ் கம்பியைத் தாங்கும் மூணு பீஸ் கேரியரையும் உருவித் துண்டில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். கொட்டகைப் பூட்டை உடைத்தாலும் மோட்டார் ஓடாது. என் பெட்டிக்கு அதே லைனில் கரண்ட் எடுத்திருந்ததால், கேரியரைக் கழற்றினால் பெட்டி செத்துவிடும், அதனால் அந்தப் பழக்கத்தை விடச் சொன்னேன். முப்பது வருஷமாக வேலை செய்த ஒரு பாதுகாப்பை என் வசதிக்காக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. மோட்டார் எரிந்தது பொது புரோக்கரால் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிய ரெண்டாவது பெட்டிக்கு முதலில் சால்டரிங் அயர்னைத் தொடவே இல்லை. மோட்டார் கொட்டகை வாசலில், முள்கத்திரிப் பாத்தி ஓரம், ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்தேன். (முள்கத்திரி என்றால் எங்கள் இலவம்பாடி முள்கத்திரிதான், 2023ல் புவிசார் குறியீடு வாங்கியது. பறிக்கிற கைக்குத்தான் அதன் அருமை தெரியும்.) மென்பொருள் கம்பெனிகளில் இதற்கு ஸ்ட்ரைட் என்று ஒரு முறை இருக்கிறது, 1999ல் மைக்ரோசாஃப்டில் கோன்ஃபெல்டர், கார்க் என்ற ரெண்டு பேர் கொண்டுவந்தது. ஆள்மாறாட்டம், திருத்தி வைப்பது, 'நான் செய்யலை' என்று மறுப்பது, தகவல் கசிவது, வேலையை முடக்குவது, இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்வது என ஆறு கேள்வி. வரைந்த படத்தில் இருக்கிற ஒவ்வொரு கம்பியிடமும், ஒவ்வொரு பெட்டியிடமும் இந்த ஆறையும் கேட்க வேண்டும். ஆபீசில் இதைப் பயிற்சியாகக் கேட்டபோது கொட்டாவி விட்டிருக்கிறேன். கிணற்றடியில் கேட்டபோது மாமா ஒவ்வொன்றுக்கும் ஆள் பெயரோடு பதில் சொன்னார்.

அந்தக் கிணறு பங்குக் கிணறு. மாமாவுக்கும் அவர் சித்தப்பா மகனுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. 'நான் செய்யலை' என்ற மூன்றாவது கேள்வியைப் படித்ததும் மாமா சிரித்துவிட்டார். "அதுதாண்டா எங்க வூட்டுச் சண்டையே. என் முறையில அவன் ஒரு மணி நேரம் ஓட்டுவான், கேட்டா நான் எங்க போட்டேன்னுவான். அவனும் என்னை அப்டித்தான் சொல்லுவான்." ஆக யார், எப்போது போட்டார் என்ற பதிவு வேண்டும், அதை மாமாவாலும் அழிக்க முடியக்கூடாது. முறை இல்லாத நாளில் ஒருவர் போனிலிருந்து மோட்டார் ஓடக்கூடாது. என் முதல் பெட்டியில் 'யார்' என்ற சொல்லே கிடையாது. மோட்டார் மட்டும்தான் இருந்தது. ஆறாவது கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைத்தது: மாமாவும் பங்காளியும் ஓட்டலாம், முறையை மாற்ற ரெண்டு பேரும் சேர்ந்து ஒப்ப வேண்டும், நான் அப்டேட் மட்டும் அனுப்பலாம், மோட்டாரைப் போட எனக்கே உரிமை கிடையாது. கடைசி விஷயம் என் யோசனை. வேலூரில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் கையில் இலவம்பாடி மோட்டார் எதற்கு?

முடக்குவதைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. யாராவது டாங்கிள் சிக்னலை அடைத்தால் என்ன ஆகும்? மாமா நடந்துபோய்ப் பச்சை பட்டனை அமுக்குவார். அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் பூட்டு போட வேண்டியதில்லை என்பது நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, இல்லாவிட்டால் தேவையில்லாத இடத்தில் மூணு நாள் தின்றுவிடும்.

இனி ரிலே. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சாதாரண டிஓஎல் ஸ்டார்ட்டரை (மோட்டாரை நேராக லைனில் கோக்கும் வகை) கவனித்தால் தெரியும், பச்சையை அமுக்கினால் கான்டாக்டர் (பெரிய காந்த சுவிட்ச்) இழுத்துக்கொண்டு தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் விட்டுவிடும். கரண்ட் வந்தாலும் தானாக ஏறாது, மனுஷன் வந்து மறுபடி அமுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நின்றுவிடு என்பது அதன் பிறவிக்குணம். 1975ல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற ரெண்டு பேர் கணினிப் பாதுகாப்புக்கு எட்டுக் கொள்கை எழுதினார்கள், அதில் ஒன்று இதேதான்: வெளிப்படையாக அனுமதி தராத வரை இல்லை என்றே வைத்துக்கொள். என் முதல் பெட்டி இதைத் தலைகீழாக்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டு தொங்கிப்போனால் (ஹேங் ஆனால்) மோட்டார் பாட்டுக்கு ஓடும், நிறுத்தும் ரிலேயை இயக்க ஆளில்லை.

புதுப் பெட்டியில், கான்டாக்டர் பிடித்துக்கொள்ளும் வழியிலேயே ஒரு அனுமதி ரிலே. போர்டு உயிரோடும் புத்தியோடும் இருக்கும் வரைதான் அது மூடியிருக்கும். புத்தியோடு என்பதற்கு, சிப்பின் ஒரு பின்னை (வெளியீட்டுக் காலை) வெறுமனே மேல் மின்னழுத்தத்தில் தூக்கி வைத்தால் போதாது, ஏனென்றால் கோடு தொங்கினாலும் பின் தூக்கியபடியே நிற்கும். அதனால் பின் ஓயாமல் மேலும் கீழும் ஆட வேண்டும், ஆடினால்தான் ஒரு கெப்பாசிட்டர் வழியாக மின்னழுத்தம் ஏறி, ரிலேயை இயக்கும் மாஸ்ஃபெட் திறக்கும், ஆட்டம் நின்றால் அது வடிந்து ரிலே விழும். முதலில் சாதா டயோடு போட்டேன், 3.3 வோல்ட்டில் அவை தின்றது போக மீதி போதாமல் ரிலே டக்டக்கென்று துடித்தது. குறைவாகத் தின்னும் ஷாட்கி டயோடு மாற்றியதும் சரியானது. பிறகு வேண்டுமென்றே கோடில் முடிவில்லாத லூப் ஒன்றைப் போட்டுத் தொங்கவிட்டேன். ரிலே விழவில்லை! அரை நாள் மண்டையைக் குடைந்த பிறகு புரிந்தது, பின்னை ஆட்டும் வேலையை நான் சிப்பின் பிடபிள்யூஎம் என்ற துடிப்பு உண்டாக்கும் பகுதியிடம் கொடுத்திருந்தேன், அது தனி வன்பொருள், கோடு செத்தாலும் அது ஆட்டிக்கொண்டே இருக்கிறது. பிணத்தின் கையில் கட்டிய கடிகாரம் மாதிரி. மெயின் லூப் ஒவ்வொரு சுற்றிலும் தானே ஆட்டும்படி மாற்றினேன். மறுபடி தொங்கவிட்டேன். அரை வினாடியில் 'டக்'.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். விவசாய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் கான்டாக்டரை இழுக்கும் காயிலுக்கு 415 வோல்ட். கடையில் விற்கும் நீல ரிலேயின் தலையில் 250 என்று எழுதியிருக்கும். நடுவில் 24 வோல்ட் காயில் கொண்ட சின்ன கான்டாக்டர் ஒன்றைப் போட்டு, அதன் கான்டாக்ட் வழியாகத்தான் ஸ்டார்ட்டர் காயிலைத் தொட வேண்டும். முதல் பெட்டியில் நான் நேரடியாகக் கொடுத்திருந்தேன், அது எரியாமல் இருந்தது அதிர்ஷ்டம். இந்த முறை அந்த வேலையை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிட்டேன். பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு எம்சிபி வைத்து பீஸ் கேரியருக்கு முன்னாலிருந்து கரண்ட் எடுத்துத் தந்தார், ஆக மாமா ராத்திரி கேரியரை உருவிக்கொண்டு போகலாம், பெட்டி விழித்திருக்கும். பக்கத்தில் ஒரு திருப்பு சுவிட்ச்: ஒரு பக்கம் பெட்டி, ஒரு பக்கம் பழையபடி கை. என் பெட்டி ஒட்டுமொத்தமாகச் செத்தாலும் பயிர் காயக்கூடாது என்பது மாமா போட்ட நிபந்தனை.

காயிலோடு ஒரு கரண்ட் சென்சாரும் சேர்ந்தது. தண்ணீர் ஏறும்போது இந்த மோட்டார் 7 ஆம்பியர் பக்கம் இழுக்கிறது, வெறுமனே சுற்றினால் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கிப் பத்து வினாடி நின்றால், ஆன் போட்டது மாமாவே ஆனாலும் பெட்டி நிறுத்தும். தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் விடாது. வெளியிலிருந்து வரும் கட்டளை எவ்வளவு நம்பகமான ஆளிடமிருந்து வந்தாலும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது என்று நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

அடுத்தது பாஸ்வேர்டு. ஒட்டுப் போட்ட காலத்தில் மாமாவுக்கு ஆறு இலக்க பின் நம்பர் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துக் கொட்டகைக்குள் போனால், சுவரில் எலக்ட்ரீசியன் நம்பர், போர்வெல்காரர் நம்பர், பால்காரர் கணக்கு, அதற்குக் கீழே செங்கல் துண்டால் பெரிதாக என் ஆறு இலக்கம். திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். அந்த எட்டுக் கொள்கையில் கடைசி, பயன்படுத்துகிற ஆளுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்பது. தப்பு சுவரில் இல்லை.

புதியதில் பாஸ்வேர்டே இல்லை. கொட்டகைக்குள் பெட்டி முன்னால் நின்று ஒரு பட்டனை ஐந்து வினாடி அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் போன் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி, ஒவ்வொரு போனும் ஒரு ஆள் பெயரில். போன் தொலைந்தால் அதே பட்டனை இருபது வினாடி அழுத்தினால் எல்லா போனும் கழன்றுவிடும், திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். "அப்போ கொட்டாய்க்குள்ள வந்தவன் எவனும் சேர்த்துக்கலாமே?" என்று மாமா மடக்கினார். கொட்டகைக்குள் வந்தவன் பச்சை பட்டனையே அமுக்கலாமே மாமா, கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் மோட்டார் என்று இப்போதும் இருக்கிறதுதானே என்றேன். யோசித்துவிட்டு, "கரெக்ட்டு" என்றார். மறுநாள் பூட்டைப் பெரிதாக மாற்றினார்.

பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவே டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்கவோ திருத்தவோ முடியாத இணைப்பு). இணையத்தில் இருக்கும் செய்முறைகளில் பாதி, இந்த இடத்தில் ஒரு வரியைப் போட்டு சர்வரின் அடையாளச் சான்றிதழைச் சரிபார்க்காமல் தாண்டச் சொல்கின்றன. அந்த ஃபங்ஷன் பெயரே 'செட்இன்செக்யூர்', அதாவது பாதுகாப்பில்லாமல் வை. நானும் முன்பு 'அப்புறம் எடுத்துவிடலாம்' என்று அதைப் போட்டவன்தான். அப்புறம் என்ற நாள் என் காலண்டரில் வந்ததே இல்லை. இந்த முறை முதல் நாளிலிருந்தே முழுச் சரிபார்ப்பு, சான்றிதழின் தேதி உட்பட. உடனே மாட்டிக்கொண்டேன்: போர்டு ஒவ்வொரு முறை கரண்ட் வந்து எழும்போதும் தேதி 1970. சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று இணைப்பை மறுத்தது. முதல் நாளிலேயே இது தெரிந்ததால் டிஎஸ்3231 கடிகாரச் சிப் ஒன்றை நாணய பேட்டரியோடு போர்டில் சேர்க்க இடம் இருந்தது. முறை நாளைக் கணக்கிட எப்படியும் கடிகாரம் வேண்டியிருந்தது, ஒரே கல்.

கட்டளைகளுக்கும் ஆயுள் வைத்தேன். எம்க்யூடிடியில் ஒரு செய்தியைத் தக்கவைக்கும்படி அனுப்பினால், பெட்டி எப்போது திரும்ப இணைந்தாலும் அந்தப் பழைய செய்தி கையில் கொடுக்கப்படும். காலையில் சிக்னல் இல்லாதபோது மாமா போட்ட 'ஆன்' மத்தியானம் மூணு மணிக்கு வேலை செய்த கூத்து ஒட்டுப் பெட்டியில் நடந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு கட்டளையிலும் அனுப்பிய நேரமும் வரிசை எண்ணும் இருக்கும், போனின் சாவியால் கையெழுத்து இருக்கும். 60 வினாடி தாண்டினால் செல்லாது, ஒரே எண் ரெண்டாவது தடவை வந்தாலும் செல்லாது.

பெட்டியின் சொந்தச் சாவியை நான் எழுதிவைப்பதில்லை, முதல் முறை எழும்போது பெட்டியே உருவாக்கிக்கொள்ளும். (இஎஸ்பி32ல் வைஃபை அல்லது ப்ளூடூத் ஓடும்போதுதான் அதன் ரேண்டம் எண்கள் நம்பத்தக்கவை, ரேடியோவை எழுப்பிவிட்டுத்தான் சாவி செய்ய வேண்டும்.) ஒரு பெட்டி திருடு போனால் அந்த ஒன்றைச் சர்வரில் நீக்கினால் போதும், ஒடுகத்தூருக்கு ஓட வேண்டாம். புரோக்கரிலும் ஒரு பெட்டி தன் டாபிக்கை மட்டும்தான் படிக்க முடியும். 2016ல் மிராய் என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது பெரிய மந்திரத்தால் அல்ல, கம்பெனி வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான். அந்த அக்டோபரில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் படுத்தன. 2020ல் எட்சி என்ற ஐரோப்பியத் தர அமைப்பு கொண்டுவந்த இஎன் 303 645 தரத்தின் முதல் விதியே எல்லாப் பெட்டிக்கும் பொதுவான பாஸ்வேர்டு கூடாது என்பது, பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அது சட்டம். மூன்று பெட்டிக்கு ஒரே பாஸ்வேர்டு வைத்த நான் மிராய்க்கு மிகச் சின்ன விருந்து தயார் செய்திருந்தேன்.

ஃபிளாஷ் என்கிரிப்ஷனும் (சேமிப்பை மறைகுறியாக்குவது) செக்யூர் பூட்டும் (கையெழுத்திட்ட நிரலை மட்டும் கிளப்புவது) சிப்புக்குள் இருக்கும் இஃப்யூஸ்களை எரித்துச் செய்வது. எரித்தால் எரித்ததுதான், திரும்ப வராது. டெவலப்மென்ட் மோடில் வைத்து அந்த ரெண்டு கட்டளைகளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், இந்த முறை வெறும் குப்பை எழுத்து. சந்தோஷத்தில் அவசரப்பட்டு ரிலீஸ் மோடையும் (திரும்ப மாற்ற முடியாத கடைசி நிலை) எரித்துவிட்டேன், அதே ராத்திரி டாங்கிளின் பெயரைத் தப்பாக எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தேன். யூஎஸ்பி சீரியல் வழி அடைத்தாகிவிட்டது, வைஃபை கிடைத்தால்தான் அப்டேட் வரும், அப்டேட் வந்தால்தான் வைஃபை கிடைக்கும். நானூத்தைம்பது ரூபாய் போர்டு. அது இப்போது என் மேசையில் பேப்பர் வெயிட். இப்போது ஒரு வாரம் கொல்லையில் ஓடிய பெட்டியைத்தான் கடைசியாகப் பூட்டுகிறேன்.

அப்டேட்டுகளில் என் கையெழுத்து இருந்தால்தான் பெட்டி ஏற்கும். அந்தக் கையெழுத்துச் சாவி தொலைந்தால் எல்லாப் புதுப் பெட்டியும் அப்படியே உறைந்துவிடும், கசிந்தால் எல்லாம் அடுத்தவன் கையில். ஒரு பென்டிரைவ் என் வீட்டில். இன்னொன்றை அத்தையிடம் கொடுத்தேன், அவர் பட்டாவும் கிணற்றுப் பங்குப் பத்திரமும் இருக்கும் மஞ்சப்பையில் போட்டுப் பீரோவில் வைத்தார். ரெண்டுக்கும் பாஸ்ஃப்ரேஸ் உண்டு, அது சுவரில் இல்லை. போன மாதம் ஊருக்குப் போகிற லத்தேரி நண்பனை அந்த பென்டிரைவை வாங்கிவரச் சொன்னேன். அத்தை தரவில்லை. "அவன் வந்து வாங்கிக்கட்டும்" என்று அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மொத்தம் பெட்டி ஒன்றுக்கு மூவாயிரத்து இருநூறு ஆனது, பாதி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பாதி உள்ளூர். முதல் பெட்டி ஆயிரத்து நானூறு, ஆனால் அதற்கு ரீவைண்டிங் ஏழாயிரமும் ரெண்டு நாள் பெட்ரோலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரெண்டாவது பெட்டிக்கு நோட்டில் போன நேரம் ரெண்டு வார இறுதிகள், செய்ய ஆறு. இலவம்பாடி, லத்தேரி ரெண்டிலும் புதுசு ஓடுகிறது. பங்காளியோடு சண்டை நின்றதா என்றால் இல்லை, இப்போது பதிவைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள், மாமாவே ஒரு தடவை முறை மாறி முயன்றதும் அதில் வந்துவிட்டது.

ராத்திரி எட்டரை வாக்கில் என் போனில் 'மோட்டார் லைன் இல்லை, பெட்டி சரி' என்று ஒரு செய்தி வரும். மாமா கேரியரைத் துண்டில் முடிந்துவிட்டார் என்று அர்த்தம். ஒடுகத்தூரில் மட்டும் இன்னும் ஒட்டுப் பெட்டிதான், அந்தப் பெரியவர் கரும்பு வெட்டு முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை ராத்திரியில் கேரியரைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.